நட்டு கழல மாட்டேங்குது ஸார்!

தமிழில் ஒரு வேடிக்கை. ஒருத்தர் கொஞ்சம் ஏடாகூடமாகப் பேசினால், 'அவனுக்கு நட்டு கழண்டு போச்சுப்பா' என்கிறோம். இன்னும் கொஞ்சம் முற்றினால், 'மரை கழண்ட கேஸ்'. ஆக, மனுஷனுக்கு நட்டு கழலுவது ரொம்ப சுலபம். மாசக் கடைசியில் மேனேஜர் ஒரு மெமோ கொடுத்தால் போதும். ஆனால் நிஜமான நட்டு என்று ஒன்று இருக்கிறதே... வெஸ்டர்ன் டாய்லெட் சீட்டுக்கு அடியில், இருட்டில், ஈரத்தில், பத்து வருஷமாகத் துருப்பிடித்து ஜம்மென்று உட்கார்ந்திருக்கிற நட்டு... அது மட்டும் லேசில் கழலாது. கழற்றப் போகிறவருக்குத்தான் கழலும்!

'சே! பத்திரிகையில் எழுதுகிற விஷயமா இது? டிபன் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறோமே' என்று முகம் சுளிப்பவர்கள், இட்லியை முடித்துக் கை கழுவிவிட்டு வரவும். விஷயம் அப்படியொன்றும் அசிங்கமானதில்லை. ஒரு போல்ட், ஒரு நட்டு, நடுவில் ஒரு பீங்கான். அவ்வளவுதான். ஆனால் இந்த மூன்றும் கூட்டு சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை, வீட்டு அட்வான்ஸில் ஒரு பகுதியை, சமயத்தில் ஒரு பெரியவரின் இடுப்பெலும்பையே காலி பண்ணிவிடும்.

ஆடுகிற நாற்காலி

மதுராந்தகத்தில் ஒரு வாடகை வீட்டை எடுத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மாடிப் போர்ஷன். மகன் காலையில் ரயிலைப் பிடித்து செங்கல்பட்டு, தாம்பரம் என்று ஆபீஸுக்குப் போனால் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். வீட்டில் அப்பாவும் அம்மாவும். அப்பாவுக்கு முட்டிவலி. இந்தியன் டாய்லெட்டில் குத்தவைத்து உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொரு ஆள் வேண்டும். அதனால்தான், 'வெஸ்டர்ன் இருக்கா?' என்று புரோக்கரிடம் முதல் கேள்வியாகக் கேட்டு அந்த வீட்டையே பிடித்திருப்பார்கள். வீட்டில் இருப்பது அந்த ஒரே டாய்லெட்.

அந்த சீட்டின் ஒரு பக்கத்து போல்ட் துருவில் அரித்துப் போனால் சீட் ஆட ஆரம்பிக்கும். அரசியலில் நாற்காலி ஆடினால் கட்சி மாறிக்கொள்ளலாம். இங்கே அந்த வசதி கிடையாது. பெரியவர் உட்காரும்போது உடம்பின் பாரத்தை ஒரு பக்கமாகப் போடுவார். சீட் சர்ரென்று நழுவும். தரையோ ஈரம். பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பிகூட இருக்காது. அந்த வயதில் வீட்டுக்குள் விழுவது என்பது, நாம் பஸ்ஸில் ஏறும்போது சறுக்கிவிட்டுப் பேன்ட்டைத் தட்டிக்கொண்டு போவது மாதிரி இல்லை. இடுப்பெலும்பு முறிந்தால் ஆபரேஷன், வாக்கர், மாதக்கணக்கில் படுக்கை என்று நீளும்.

பெரியவர்களிடம் இன்னொரு கஷ்டம், வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள்.

"என்னப்பா, சீட் ஆடுதா?"

"ஆடுது... பரவால்லடா. ஒரு பக்கமா உக்காந்துக்கிறேன். நீ ஆபீஸைப் பாரு."

இந்த 'ஒரு பக்கமா உக்காந்துக்கிறேன்' என்பதுதான் அபாயச் சங்கு. அன்றைக்கே கடைக்குப் போய்ப் புது சீட் வாங்கி வந்துவிடலாம். மாட்டுவது அரை மணி வேலை. பழையதைக் கழற்றுவதில்தான் கதையே இருக்கிறது.

இரும்பு எழுதும் கணக்கு

பி.காம். படித்தவர்களுக்குத் தேய்மானம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வருஷத்துக்கு இத்தனை பர்சென்ட் என்று மேஜை, நாற்காலி, மெஷின் எல்லாவற்றின் மதிப்பையும் குறைத்து எழுதுவோம். இரும்பு அந்தக் கணக்கைத் தானே எழுதிக்கொள்கிறது. ஆடிட்டர் கையெழுத்துகூடத் தேவையில்லை. இரும்போடு தண்ணீரும் காற்றிலிருக்கிற ஆக்ஸிஜனும் சேர்ந்தால் துரு. இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சாதாரணமாகத் துருப்பிடிக்காது. பாத்ரூமில் இரண்டும் தாராளம்.

ஆனால் இந்தத் தேய்மானத்தில் ஒரு விபரீதம் உண்டு. கணக்குப் புத்தகத்தில் தேயத் தேய மதிப்பு சுருங்கும். இரும்பு துருவாகும்போதோ வீங்கும்! ஒரு பங்கு இரும்பு துருவாக மாறினால், தன்மையைப் பொறுத்து இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் நடுவே இருக்கிற இடைவெளி ஒரு தலைமுடி அளவு. அதற்குள் துரு வீங்கினால் எங்கே போகும்? காலை நேர ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டைத் தவிர மற்றதில் ஏறிப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். உள்ளே ஒருத்தரும் அசைய முடியாது. நட்டு கழலாததன் ரகசியம் இதுதான். அது பிடிவாதம் பிடிக்கவில்லை. அசைய இடமில்லாமல் தவிக்கிறது.

ஆகவே பலம் போதாதென்று பெரிய ஸ்பேனராகத் தேடுவது தப்பான வைத்தியம். அந்த நெரிசலைக் குறைப்பதுதான் சரியான வைத்தியம்.

பாத்ரூமுக்குள் ஒரு மாமல்லபுரம்

'எல்லாம் கடல் காத்து ஸார், அதான் துருப்பிடிக்குது' என்பது செங்கல்பட்டு மாவட்டத்தில் அடிக்கடி கேட்கிற வசனம். பாதி உண்மை. மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் கேட்டுக்கும் ஜன்னலுக்கும் வருஷா வருஷம் பெயின்ட் அடித்தே ஓய்ந்து போகிறார்கள். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லையே உப்பு அரிக்கிறது. தொல்லியல் துறையினர் காகிதக் கூழை ஈரமாக அப்பி, கல்லுக்குள் இறங்கிய உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். கல்லுக்கே அந்தக் கதி. கல்பாக்கத்தில் இருக்கிற இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உலோக அரிப்பைப் பற்றி ஆராய்வதற்கென்றே விஞ்ஞானிகள் இருக்கிறார்கள்.

இன்னும் தெற்கே போனால் பாம்பன். 1914-ல் திறந்த ரயில் பாலம். நூறு வருஷத்துக்கு மேல் உப்புக் காற்றோடு மல்லுக்கட்டி, கடைசியில் 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓடுவதை நிறுத்தினார்கள். பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதன் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, மேலே விசேஷமான பெயின்ட் என்று முன்ஜாக்கிரதை செய்திருக்கிறார்கள். காரைக்குடியில் 'சிக்ரி' என்று செல்லமாக அழைக்கப்படும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் துரு ஒரு முக்கிய சப்ஜெக்ட். அழகப்ப செட்டியார் நிலமும் பதினைந்து லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த நிலையம் அது. துரு சாதாரண எதிரி இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

சரி, மதுராந்தகத்துக்கு வருவோம். இங்கே ஏரிக்கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் கடல் மாதிரி தெரியுமே தவிர, நிஜக் கடல் தூரத்தில் இருக்கிறது. கரையிலிருந்து உள்ளே வர வர காற்றில் இருக்கிற உப்பு மளமளவென்று குறைந்துவிடும். அப்படியானால் நம் டாய்லெட் போல்ட்டைத் தின்றது யார்?

நாம்தான்! எப்படி என்கிறீர்களா?

வெள்ளைக்காரன் பாத்ரூமில் தரை காய்ந்திருக்கும். அவன் கண்டுபிடித்த சீட், அவனுடைய பேப்பர் கலாசாரத்துக்கு ஏற்ற சீட். நாமோ தண்ணீர் ஜாதி. மக்கில் அள்ளி ஊற்றுவோம், பக்கெட்டோடு கவிழ்ப்போம், இப்போது ஹெல்த் ஃபாஸெட் வேறு வந்து நாலாபுறமும் பீய்ச்சி அடிக்கிறது. அந்தத் தண்ணீர் சீட்டின் கீல் இருக்கிற பள்ளத்தில் தேங்கி, போல்ட் வழியாக மெதுவாகக் கீழே இறங்குகிறது. போர் தண்ணீரில் உப்பு அதிகமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இது போதாதென்று வாரா வாரம் ஆசிட். பீங்கான் பளிச்சென்று ஆகும், வாஸ்தவம். ஆனால் அந்த ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கடல் உப்பில் இருக்கிற அதே குளோரைடுதான் அதிலும் இருக்கிறது. ஆசிட்டின் புகை போய் உட்காருகிற முதல் இடம் சீட்டின் கீல். ஆக, கடல் நம் ஊருக்கு வராவிட்டால் என்ன? வாராவாரம் நாமே பாட்டிலில் வாங்கி வந்து, நாலுக்கு நாலு பாத்ரூமுக்குள் ஒரு மாமல்லபுரத்தை உண்டாக்கிக்கொள்கிறோம். சிற்பம் மட்டும்தான் பாக்கி.

யார் செலவு?

"ஸார், டாய்லெட் சீட் ஆடுது. மாத்தித் தரீங்களா?"

"நீங்க வரும்போது ஆடலையே தம்பி!"

வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் நடக்கிற இந்த உரையாடலுக்கு ஒரு சட்டப் பதில் உண்டு. 2017-ல் தமிழக அரசு கொண்டுவந்து, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. எந்த ரிப்பேர் யார் தலையில் என்று பிரித்திருக்கிறார்கள். கட்டடத்தின் ரிப்பேர், வெள்ளையடிப்பது, குழாய் லைன் மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரர். டாப் வாஷர், சாக்கடை அடைப்பு, வாஷ் பேஸின், டாய்லெட் ரிப்பேர் எல்லாம் குடித்தனக்காரர். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அது வேறு கதை. ஆகவே இந்த நட்டு உங்கள் நட்டு. வீட்டுக்காரரோடு சண்டை போட்டு வீணாக்குகிற மூச்சைச் சேமித்து வையுங்கள். கீழே குனிந்து வேலை செய்யும்போது தேவைப்படும்.

கடைக்காரர் சொல்கிற தத்துவம்

வேலை தெரிந்த எந்த ஹார்டுவேர் கடைக்காரரிடம் போனாலும் இப்படித்தான் நடக்கும்:

"அண்ணே, துருப்பிடிச்ச நட்டு ஒண்ணு கழட்டணும். இருக்கிறதிலேயே பெரிய ஸ்பேனரா குடுங்க."

"எங்கே இருக்கு நட்டு?"

(குரலைத் தாழ்த்தி) "பாத்ரூம்ல..."

"டாய்லெட் சீட்டா? அதுக்கு ஏன் தம்பி ரகசியம்? இப்ப பெரிய ஸ்பேனர் வாங்கிட்டுப் போனே, அடுத்த வாரம் புதுக் கோப்பை வாங்க வருவே. ஒரு எண்ணெய் ஸ்ப்ரே, ரெண்டு ஆக்ஸா பிளேடு எடுத்துட்டுப் போ. போதும்."

இதில் ஒரு பெரிய தத்துவமே அடங்கியிருக்கிறது. கோப்பை, சுமார் ஆயிரத்து இருநூறு டிகிரி சூட்டில் சுட்டெடுத்த பீங்கான். மேலே உட்காருகிற பாரத்தை எத்தனை வருஷமானாலும் தாங்கும். ஆனால் பக்கவாட்டில் நெம்பினாலோ, சுளீரென்று ஓர் அடி விழுந்தாலோ தாங்காது. இரும்பு மாதிரி வளைந்து எச்சரிக்கை கொடுக்காது. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்புறம் புதுக் கோப்பை, கொத்தனார், தரையில் பதித்த சிமென்ட்டை உடைப்பது, பூசுவது, காய்வது... ஒரே டாய்லெட் உள்ள வீட்டில் அந்த இரண்டு மூன்று நாள் அப்பாவை எங்கே அனுப்புவீர்கள்? பக்கத்து வீட்டுக்கா? ஆடுகிற சீட்டை விட அது பெரிய தண்டனை.

எனவே இந்த வேலையில் ஜெயிப்பது என்பது நட்டைக் கழற்றுவது அல்ல. கோப்பை உடையாமல் நட்டைக் கழற்றுவது.

ஞாயிற்றுக்கிழமை யுத்தம்: சனிக்கிழமை ராத்திரியே ஆரம்பம்

முதலில் சனிக்கிழமை ராத்திரி, எல்லோரும் உபயோகித்து முடித்தபின் கோப்பையைச் சுத்தமாகக் கழுவித் துடைத்துவிடுங்கள். அன்றைக்கு ஆசிட் வேண்டாம். சோப்புத் தண்ணீர் போதும். ரப்பர் கிளவுஸ் கட்டாயம். கோப்பையின் வாயில் ஒரு பழைய துணியைத் திணித்து வையுங்கள். அறுந்த நட்டு உள்ளே விழுந்து போனால், அதை எடுப்பதற்குத் தனிக் கட்டுரை எழுத வேண்டியிருக்கும்.

கீலின் மேலே பிளாஸ்டிக் மூடி இருந்தால் நெம்பித் திறந்தால் போல்ட்டின் தலை தெரியும். கீழே, கோப்பையின் விளிம்புக்கு அடியில் கையை விட்டால் நட்டு தட்டுப்படும். அந்த நட்டும் மரையும் சந்திக்கிற இடத்தில் எண்ணெய் ஸ்ப்ரேயை அடியுங்கள். மேலேயும் கொஞ்சம்.

இந்த மாதிரி ஸ்ப்ரேக்களில் உலகப் பிரசித்தமானது டபிள்யூ.டி-40. அதற்கு ஒரு கதை உண்டு. 1953-ல் அமெரிக்காவின் சான் டியகோ நகரில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்று ஒரு சின்ன நிறுவனம், ஏவுகணைகள் துருப்பிடிக்காமல் இருக்கத் தண்ணீரை விரட்டும் திரவம் ஒன்றைத் தயாரிக்க முயன்றது. முப்பத்தொன்பது தடவை சரியாக வரவில்லை. நாற்பதாவது ஃபார்முலா வென்றது. பெயரிலேயே அந்த நாற்பது ஒட்டிக்கொண்டது. அட்லஸ் ஏவுகணையின் மேல்தோலுக்கு அடித்த சரக்கு, இன்று நம் பாத்ரூமுக்கு வந்திருக்கிறது. ஒரு நட்டை ஒரே தடவையில் கழற்றிவிட வேண்டும் என்று அவசரப்படுகிறவர்கள் அந்த முப்பத்தொன்பதை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வது நல்லது.

இதே ஸ்ப்ரேதான் வேண்டும் என்று இல்லை. பழைய மெக்கானிக்குகள் கிருஷ்ணாயில் விட்டே கழற்றியிருக்கிறார்கள். எண்ணெய் எதுவானாலும் மெல்லியதாக இருக்க வேண்டும். அகல் விளக்கில் திரி எண்ணெயை மேலே இழுக்கிற மாதிரி, மரையின் நூலிழை இடைவெளியில் எண்ணெய் தானாக ஏறிப் போகும். ஆனால் அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். படுக்கப் போகும்போது ஒரு தடவை, காலையில் எழுந்ததும் ஒரு தடவை. நீங்கள் தூங்கும்போது உங்களுக்காக வேலை பார்க்கிற ஒரே ஊழியர் இந்த எண்ணெய்தான். ஸ்ப்ரே அடித்த இடத்தில் சிகரெட், தீக்குச்சி கூடாது. மறுநாள் வேலை முடிகிறவரை சீட்டில் யாரையும் உட்காரவிடாதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, கூட ஒரு ஆள் நில்லுங்கள்.

எந்தப் பக்கம் திருப்புவது?

இங்கேதான் பட்டதாரிகள் பலர் கோட்டை விடுகிறார்கள். 'இடது பக்கம் திருப்பினால் கழலும்' என்பது நட்டை நேருக்கு நேர் பார்க்கும்போது. இங்கே நட்டு கீழ்நோக்கி இருக்கிறது. நாமோ மேலே இருந்து கையை விடுகிறோம். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் தலைகீழ். கழற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு முழு பலத்தோடு இறுக்கி, பீங்கானை விரிசல் விட வைக்கிற விபத்து இப்படித்தான் நடக்கிறது.

ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு சுலப வழி. படுத்துக்கொண்டு சீலிங் ஃபேனைப் பாருங்கள். கீழே இருந்து பார்க்கும்போது நம்மூர் ஃபேன் சாதாரணமாக எந்தப் பக்கம் சுற்றுகிறதோ, அதே பக்கம் நட்டைக் கீழே இருந்து திருப்பினால் கழலும். அதாவது, கடிகாரத்துக்கு எதிர்த்திசை. ஃபேன் மேலே, நட்டு மேலே, நாம் கீழே. தீர்ந்தது சந்தேகம்.

ஞாயிறு காலை, மேலே போல்ட்டின் தலையை ஸ்க்ரூ டிரைவரால் அசையாமல் பிடித்துக்கொள்ள வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள். கீழே நட்டை பாக்ஸ் ஸ்பேனரால் பிடியுங்கள். கட்டிங் பிளேயரால் பிடித்தால் வழுக்கி, நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். கை போய்ப் பீங்கானில் இடிக்கும். ஒரே மூச்சில் திருக வேண்டாம். கொஞ்சம் அந்தப் பக்கம், மயிரிழை இந்தப் பக்கம், மறுபடி கொஞ்சம் அந்தப் பக்கம். லேசாக 'க்ரீச்' என்று முனகினால் நல்ல சகுனம். துரு வழிவிட ஆரம்பித்துவிட்டது. இன்னொரு சொட்டு எண்ணெய் விட்டுத் தொடருங்கள்.

ஐந்து நிமிஷம் முயன்றும் அசையவில்லையா? இன்னும் பலம் கொடுக்கலாம் என்று தோன்றும். அந்தத் தோன்றலுக்குத்தான் காசு போகும். ஸ்பேனரைக் கீழே வையுங்கள். அடுத்த ஆயுதம், ஆக்ஸா பிளேடு.

அறுவை சிகிச்சை

பிளேடை ஃபிரேமில் மாட்டினால் அந்தச் சந்தில் நுழையாது. தனி பிளேடாகவே எடுத்து, ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடி மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். பல் உங்களைப் பார்த்து இருக்கட்டும். அப்போதுதான் இழுக்கும்போது அறுக்கும். தள்ளும்போது பிளேடு வளைந்து ஒடியாது. கண்ணாடி போடாதவர்களும் அன்றைக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இரும்புத் தூள் கண்ணுக்கு ஆகாது.

எங்கே அறுப்பது? சீட்டின் கீலுக்கும் பீங்கானுக்கும் நடுவே ஒரு சின்ன இடுக்கு இருக்கும். அல்லது கீழே, நட்டுக்கும் பீங்கானுக்கும் நடுவே ரப்பர் வாஷர் இருக்கும். வாஷரை பிளேடு வெண்ணெய் மாதிரி அறுத்துக்கொண்டு போய் போல்ட்டைத் தொட்டுவிடும். எந்த இடமானாலும், பீங்கானின் மேல் இரண்டு மூன்று அடுக்கு டேப் ஒட்டி, கூட ஓர் அட்டைத் துண்டையும் சொருகிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பளபளப்பில் கோடு விழும். அந்தக் கோட்டில் அழுக்கு பிடித்து, ஆயுசுக்கும் உங்கள் கைவண்ணத்தைப் பறைசாற்றும்.

ஒரு போல்ட்டுக்குக் கால் மணி நேரம் பிடிக்கலாம். நடுநடுவே ஒரு சொட்டு எண்ணெய். அவசரமே இல்லை. ரேடியோவில் பழைய பாட்டு போட்டுவிட்டால் நாலு பாட்டில் ஒரு போல்ட் விழுந்துவிடும். முக்கால்வாசி அறுந்ததும் சீட்டைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.

சந்தே இல்லை, பிளேடு நுழையவில்லை என்றால் போல்ட்டின் தலையைத் துளை போட்டு எடுக்கலாம். ஆனால் அதற்கு பேட்டரி டிரில்தான். வயர் உள்ள டிரில்லோடு ஈரமான பாத்ரூமுக்குள் போகவே கூடாது. கைப்பழக்கம் இல்லாவிட்டால் இந்தக் கட்டத்தில் பிளம்பரைக் கூப்பிடுவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

செய்யவே கூடாதவை

ஒன்று: சுத்தியல், உளி. இவை இருக்கிற பக்கமே கோப்பை இருக்கக் கூடாது.

இரண்டு: சூடு காட்டுவது. மெக்கானிக் ஷெட்டில் நட்டைச் சூடாக்கிக் கழற்றுவார்கள், நிஜம். அங்கே பீங்கான் கிடையாது. ஒரே இடத்தில் சூடேறினால் பீங்கான் விரிசல் விடும். எண்ணெய் தீப்பிடிக்கும். பிளாஸ்டிக் சீட் உருகி, அது வேறு நாறும்.

மூன்று: 'ஆசிட் ஊத்தினா துரு கரைஞ்சிடும்' என்கிற நண்பரின் யோசனை. துரு கொஞ்சம் கரையும். கூடவே நல்ல இரும்பும் கரையும். அடுத்த துருவுக்கு வித்தும் போட்டுவிடும். அதைவிட முக்கியம், ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத பாத்ரூமில் அது ஆளையே சாய்த்துவிடும். இதில் ஜோக் எதுவும் இல்லை.

புது மாப்பிள்ளைக்குச் சில ஜோடனைகள்

கடைக்குப் போகுமுன் இரண்டு துளைகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை, மையத்துக்கு மையம் அளந்துகொள்ளுங்கள். துளையிலிருந்து கோப்பையின் முன் நுனி வரை ஓர் அளவு. குறுக்கே அகலம் ஓர் அளவு. 'எல்லாம் ஒரே சைஸ்தான் ஸார்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பழைய சீட்டைப் பேப்பரில் சுற்றி எடுத்துப் போனாலும் தப்பில்லை; பஸ்ஸில் மட்டும் பக்கத்து ஸீட் காலியாகவே இருக்கும்.

போல்ட் பிளாஸ்டிக் அல்லது நைலானாக இருந்தால் துரு என்ற பேச்சே இல்லை. ஸ்டீல் என்று கொடுத்தால், பாக்கெட்டில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொண்டு தொட்டுப் பாருங்கள். கபக்கென்று ஒட்டிக்கொண்டால் அது பெரும்பாலும் முலாம் பூசிய இரும்பு; பளபளப்பைக் கண்டு மயங்காதீர்கள். துருப்பிடிக்காத எஃகிலும் ரகம் உண்டு. 304 என்பது சாதாரண ரகம். 316-ல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் குளோரைடை இன்னும் நன்றாகத் தாங்கும். கடற்கரையோரம் வீடு இருப்பவர்கள் கேட்டு வாங்கலாம்.

மாட்டும்போது மேலும் கீழும் ரப்பர் வாஷர், மரையில் கொஞ்சம் கிரீஸ் அல்லது வாஸ்லின். நட்டைக் கையால் இறுக்கி, கடைசியில் ஒரு கால் சுற்று. அத்தோடு நிறுத்த வேண்டும். 'இன்னும் கொஞ்சம் டைட்டா இருக்கட்டும்' என்பதுதான் பீங்கானின் கடைசி ஆசையாக முடியும். ஆசிட் போட்டுக் கழுவினால் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, கீலை ஒரு துணியால் துடைத்துவிடுங்கள். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சீட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அப்படியே பெரியவர் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கைப்பிடி அடித்துவிட்டால் உத்தமம். அதற்கு மட்டும் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கழல வேண்டிய இன்னொரு நட்டு

இவ்வளவு படித்தபிறகும் சிலருக்கு உள்ளுக்குள் ஒரு முனகல் இருக்கும். 'எல்லாம் சரி ஸார். ஆனா நான் போய் கக்கூஸ்ல கை வைக்கிறதா?'

1901-ல் கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாடு. கக்கூஸ்கள் நாறிக் கிடந்தன. சுத்தம் செய்யச் சொன்னபோது தொண்டர்கள், 'அது எங்கள் வேலை இல்லை' என்றார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த ஒரு வக்கீல், துடைப்பம் ஒன்றைத் தேடிப்பிடித்துத் தானே சுத்தம் செய்தார். பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தத் தொண்டர்களின் டயலாக் மட்டும் மாறவில்லை.

மலக்குழியில் மனிதனை இறக்கக் கூடாது என்று 2013-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்த நாடு இது. 'அது வேறு யாருடைய வேலையோ' என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லியே நம் மனசில் ஏறிய துரு அது. ஸ்ப்ரே அடித்தால் போகாது. நம் வீட்டு டாய்லெட்டில், நம் அப்பா உட்காருகிற சீட்டை, நம் கையால் ஒருதடவை கழற்றி மாட்டினால் கொஞ்சம் உதிரும். மீதி அடுத்த ஞாயிற்றுக்கிழமை உதிரும்.

வேலை முடிந்ததும் அப்பா உங்களைக் கட்டிப்பிடித்துப் பாராட்டுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். 'இதுக்குப் போய் முழு ஞாயித்துக்கிழமையா?' என்று ஒரு வார்த்தை வரலாம். திங்கட்கிழமை காலையில் மட்டும் நைஸாகக் கவனியுங்கள். பாத்ரூமுக்குப் போகிறவர், பாதி வழியில் திரும்பி வந்து ஹாலில் கிடக்கிற நியூஸ்பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாரானால், புது சீட் பாஸ்!